நேராகப் போனால் வேகம் வராது!

பழவேற்காடு கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் பலர் போயிருப்பீர்கள். அங்கே படகுகள் கரை திரும்பும்போது கவனியுங்கள். அலை எழும்பி உடையும் இடத்தில் மீனவர்கள் மிகவும் உஷாராக இருப்பார்கள். அலைக்குப் பக்கவாட்டைக் காட்டினால் படகு கவிழ்ந்துவிடும்!

அந்த இடத்தையே தேடிப் போகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் அலைச்சறுக்கு வீரர்கள்.

சறுக்குப் பலகைக்கு இன்ஜினும் இல்லை, பாயும் இல்லை. அலையின் சரிவுதான் அதற்குப் பெட்ரோல்! பூங்காவில் சறுக்குமரம் செங்குத்தாக இருந்தால் 'சர்'ரென்று இறங்குவீர்கள் அல்லவா? நல்ல அலை ஒரேயடியாக உடையாது. ஒரு முனையில் தொடங்கி, பக்கவாட்டில் உடைந்துகொண்டே போகும். உடையப்போகும் இடத்தை ஒட்டித்தான் சரிவு மிக அதிகம். அதைவிட்டு முன்னால் ஓடினால் சரிவு குறைந்து பலகை தளர்ந்துவிடும். பின்தங்கினாலோ, நுரை விழுங்கிவிடும்!

கரையை நோக்கி நேராகப் போனால், அலையின் வேகம்தான் உங்கள் வேகமும். சாய்வாகப் போனால்? அலை கரைப்பக்கம் 10 அடி நகர்வதற்குள், நீங்கள் பக்கவாட்டிலும் 10 அடி போகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் கடந்த தூரம் சுமார் 14 அடி! நம்பிக்கை இல்லையா? நோட்டில் 10 செ.மீ. சதுரம் வரைந்து, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள்.

கால்களுக்கும் வேலை இருக்கிறது. முன்காலில் எடையைப் போட்டால் வேகம்; பின்காலில் போட்டால் பிரேக். பேராசைப்பட்டு முன்காலை ரொம்ப அழுத்தினால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும், ஆள் தலைகுப்புற விழுவார்! ஊஞ்சலில் நின்று ஆடும்போது, இறங்குகையில் குந்தி, அடியைத் தாண்டுகையில் எழுந்து உந்துவீர்களே, அதே வித்தைதான் அலையிலும். சரிவில் இறங்கும்போது முட்டியை மடக்க வேண்டும். அடியில் திரும்பி ஏறும்போது கால்களை நீட்டி உந்த வேண்டும்.

இதைக் கற்க வெளிநாடு போக வேண்டாம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே பலகை ஏறினார்கள். நீச்சலும் பயிற்சியாளரும் இல்லாமல் கடலில் இறங்கவே கூடாது, தெரிகிறதா?

போட்டிகளில் வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றது, 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி நம்ம மாமல்லபுரத்துக்கே வந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்!