மஞ்சளும் இல்லை, குள்ளனும் இல்லை

வானியலாளர்களின் விண்மீன் பட்டியலில் சூரியனுக்கு உரிய குறி ‘ஜி2வி’. பேச்சுவாக்கில் ‘மஞ்சள் குள்ளன்’ என்பார்கள். பூமியைப் போல் 109 மடங்கு விட்டமுள்ள ஒன்று குள்ளனாம்! மஞ்சளும் பொருந்தவில்லை. காற்று மண்டலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் சூரியன் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கும். நம் காற்று நீல ஒளியைச் சிதறடித்துவிடுவதால் மாலையில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த ‘ஜி’ எங்கிருந்து வந்தது? விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே விரித்தால் வானவில் வரும். அதில் ஆங்காங்கே கருங்கோடுகள் இருக்கும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களை விழுங்கிவிடுவதால் விழும் கோடுகள் அவை. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்ட் பிக்கரிங் இந்த நிறமாலைகளைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுக்க ஏற்பாடு செய்தார். தகடுகளைப் பார்த்துப் பிரிக்கும் வேலை குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்களுக்கு. அவர்களில் வில்லியமினா ஃபிளெமிங், பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். 1890-ல் வெளியான பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அவர் வகைப்படுத்தினார். ஹைட்ரஜன் கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அந்த வரிசையில் ஏ, பி என்று எழுத்துகள். சூரியனின் ஹைட்ரஜன் கோடு மெல்லியது. எனவே பின்வரிசையில் ஜி.

பிறகு ஆனி ஜம்ப் கேனன் வந்தார். காது ஏறக்குறைய கேட்காதவர். தன் வாழ்நாளில் மூன்றரை லட்சம் விண்மீன்களைப் பிரித்துவைத்தவர். 1901-ல் அவர் பல எழுத்துகளைத் தள்ளிவிட்டு, மிஞ்சியவற்றை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என இடம் மாற்றிவைத்தார். அகரவரிசை குலைந்துபோனது, ஆனால் கோடுகள் ஒரு வகையிலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாக மாறின. இது வெப்ப வரிசை: ஓ மிகச் சூடு, எம் மிகக் குளிர்ச்சி. ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ளே 0 முதல் 9 வரை படிகள். ஜி2 என்றால் ஜி வகையின் சூடான பக்கம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்.

இதில் ஒரு புதிர் இருந்தது. சூரிய நிறமாலையில் எடுப்பாகத் தெரிவது கால்சியம், இரும்பு போன்றவற்றின் கோடுகள். கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்துவருவது கால்சியக் கோடு ஒன்றின் ஒளியிலும்தான். அப்படியானால் சூரியனில் கால்சியமும் இரும்பும்தான் நிறைய இருக்கின்றனவா? பூமியைப் போன்ற சரக்கால் ஆனதுதான் சூரியனும் என்றே அன்று பலர் நம்பினார்கள்.

விடைக்கு வழி கல்கத்தாவில் பிறந்தது. 1920-ல் மேகநாத் சாஹா, வெப்பம் ஏற ஏற அணுக்கள் எப்படி எலக்ட்ரானை இழக்கின்றன என்பதைக் கணக்கிட ஒரு சமன்பாடு தந்தார். ஹைட்ரஜன் அணு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்க வேண்டுமானால், முதலில் அது ஆற்றலில் ஒரு படி மேலே ஏறி நிற்க வேண்டும். சூரியனின் சூட்டில் அப்படி ஏறி நிற்பவை மிகச் சொற்பம். கால்சியத்துக்கோ அந்தச் சூடே தோது. ஏறத்தாழ 10,000 டிகிரியில் ஹைட்ரஜன் கோடுகள் உச்சத்தைத் தொடும். அதற்கும் மேலே போனால் அணுவே உடைந்து கோடு மங்கும். ஆக, கோட்டின் அழுத்தம் சரக்கின் அளவைச் சொல்வதில்லை. பெரும்பாலும் சூட்டைத்தான் சொல்கிறது.

சிசிலியா பெய்ன் இந்தச் சமன்பாட்டை ஹார்வர்டு தகடுகளோடு பொருத்தி, 1925-ல் தன் ஆய்வேட்டில் விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று காட்டினார். மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் ஏற்கவில்லை. அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்ன் தன் ஏட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. நான்கே ஆண்டுகளில் ரஸல் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தன் கணக்கைத் தானே மறுக்கவைக்கப்பட்ட அந்த இளம்பெண்ணை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

கடைசியில் நிற்கும் ‘வி’ எழுத்தல்ல, ரோமானிய எண் ஐந்து. ஒரே சூடுள்ள விண்மீன்களிலும் ஊதிப் பெருத்தவை உண்டு, அடக்கமானவை உண்டு. 1943-ல் மார்கனும் கீனனும் கெல்மனும் இதற்கு எண்கள் கொடுத்தார்கள்: ஒன்று மாபெரும் விண்மீன், மூன்று பெருமீன், ஐந்து குறுமீன். நம் திருவாதிரையும் கேட்டையும் முதல் ரகம். சுவாதியும் ரோகிணியும் மூன்றாவது. பெருமீன் அல்லாததற்கு வைத்த பெயர்தான் குள்ளன். மையத்தில் ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கிக்கொண்டிருக்கும் எல்லாமே அந்த ஐந்தில் அடங்கும்.

சூரியன் ‘சராசரி விண்மீன்’ என்று பாடப்புத்தகங்கள் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விண்மீன்களில் முக்கால்வாசி மங்கலான எம் வகைக் குறுமீன்கள்; அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஜி வகை நூற்றுக்கு ஏழெட்டுதான் தேறும்.

சூரியனின் குறியை அச்சு அசலாகச் சுமக்கும் இன்னொன்றைப் பார்க்க ஆசையா? மே, ஜூன் இரவுகளில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, திரிசங்கு என்னும் சிலுவைக்கு இடப்புறம் இரண்டு பளிச்சென்ற மீன்கள் தெரியும். அவற்றில் சிலுவைக்கு எட்ட இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அங்கே ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் இணையில் பெரியதும் ஜி2வி தான். தொலைவு நாலேகால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் நம் சூரியன், காசியோப்பியா கூட்டத்தின் பக்கத்தில் முளைத்த இன்னொரு பளிச்சென்ற மீன்.