கம்பளிப் பின்னலும் கைக்கணக்கும்

தெற்கேயிருந்து டில்லிக்குக் குடிபோகும் பெண்மணிகளுக்கு முதற் குளிர்காலமே ஒரு புதிய பாடத்தைக் கற்பித்துவிடும். அங்கே மார்கழிக் குளிரில் மாடியிலும் முற்றத்திலும் வெயில் விழும் இடம் பார்த்து அமர்ந்து, ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். பேச்சு ஒரு பக்கம் நடக்கும். கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும். 1962ஆம் ஆண்டு எல்லைப் போரின்போது நம் வீரர்களுக்காக நாட்டின் பல பாகங்களிலும் பெண்கள் கம்பளிச் சட்டைகளும் காலுறைகளும் பின்னி அனுப்பியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

நானும் அண்டைவீட்டு அம்மையார் ஒருவரிடம் இக்கலையைப் பயின்றவள்தான். முதல் ஸ்வெட்டரை என் மகனுக்காகப் பின்னினேன். புத்தகத்தில் சொல்லியிருந்தபடியே கண்ணிகளை எண்ணிப் போட்டேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. முடித்து அணிவித்தபோது மார்பு இறுக்கிற்று. கழுத்தோ தலைவழியே இறங்கவே மறுத்தது. அந்தக் குளிர்காலத்தைப் பிள்ளை தன் தகப்பனாரின் சால்வைக்குள் கழிக்கும்படி ஆயிற்று.

எண்ணிக்கை சரியாயிருந்தும் அளவு ஏன் தவறியது? ஒவ்வொருவர் கைக்கும் ஓர் இறுக்கம் உண்டு. புத்தகம் எழுதியவரின் கை வேறு, நம் கை வேறு. பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணிகள் என்று புத்தகம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்று 60 சென்டிமீட்டருக்கு 132 கண்ணிகள் வேண்டும். உங்கள் கை சற்றே இறுகி, அதே பத்து சென்டிமீட்டரில் 24 கண்ணிகள் அடங்கிவிட்டால், அந்த 132 கண்ணிகளும் 55 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்றென்று தேடிப் பயனில்லை!

ஆகையால் எதைப் பின்னத் தொடங்கினும் முதலில் ஒரு கைக்குட்டைத் துண்டளவு மாதிரி பின்னிக்கொள்ளுங்கள். அதை நனைத்து, உலர்த்தி, நடுப்பகுதியில் அளவுநாடாவை வைத்து எண்ணுங்கள். ஓரக் கண்ணிகளை நம்பலாகாது. கண்ணிகள் மிகுந்திருந்தால் பருத்த ஊசிக்கு மாறுங்கள். குறைந்திருந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள். கையை வலிந்து தளர்த்திப் பின்னுவது மட்டும் வேண்டாம்; பேச்சு சுவாரஸ்யத்தில் கை பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும். ஊசி எண்களிலும் கவனம் தேவை. நம் நாட்டுப் பழைய வழக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் ஏறத்தாழ மூன்றேகால். அமெரிக்கப் புத்தகங்களில் இது தலைகீழ். அங்கே 8ஆம் எண் 5 மில்லிமீட்டர்.

கழுத்து விஷயத்துக்கு வேறு மருந்து உண்டு. கடைசி வரிசைக் கண்ணிகளை முடிக்கும்போது மட்டும் ஓர் அளவு பருத்த ஊசியைக் கையாண்டால் விளிம்பு இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும்.

நூலை வாங்கும்போது, முழு உடுப்புக்கும் வேண்டியதை ஒரே சாய எண்ணில் வாங்கிவிடுவது நலம். கடை விளக்கில் ஒன்றாய்த் தோன்றும் இரு பச்சைகள் வெயிலில் வேறுபடும். வேறு வழியில்லையேல் இரண்டு உருண்டைகளையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னுங்கள். வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. கம்பளி என்று கடைக்காரர் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் இழையாகவோ கலப்பாகவோ இருக்கலாம். சிறு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: உண்மைக் கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாய் இறுகும். ஆறிய பிறகே தொடுங்கள்.

இதையறிவது வீண் ஆராய்ச்சியன்று. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பிணைந்து, துணி சுருங்கித் தடித்துவிடும், மீட்க இயலாது. இளஞ்சூட்டு நீரில் அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும்.

சுருங்காத கம்பளியை மட்டும் மறுபடி பிரித்துப் பின்னலாம். என் மகனின் ஸ்வெட்டர் அப்படித்தான் பிழைத்தது. பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாய்க் கட்டி, நனைத்து, கீழே சிறு பாரம் கோத்துத் தொங்கவிட்டேன். சுருள் நீங்கிப் புதுநூல் போலாயிற்று. நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

குரோஷா வேலையோ சற்று சாதுவானது. கோதாவரிக் கழிமுகத்து நரசாபுரத்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி நூலில் லேஸ் பின்னிவருவது இந்த ஒற்றைக் கொக்கி ஊசியால்தான். எப்போதும் ஒரே கண்ணி ஊசியில் நிற்பதால், நழுவினாலும் பெரும் நஷ்டமில்லை. துணி மேலே போகப்போகக் குறுகுகிறதென்றால், வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிவிடுங்கள். அடிவரிசை இறுகி வளைந்தால், அதைமட்டும் பருத்த கொக்கியால் போடலாம்.

குரோஷா தெரியாதவரும் ஒரு கொக்கி ஊசியைப் பின்னல் பையில் வைத்திருங்கள். இரண்டூசிப் பின்னலில் ஒரு கண்ணி நழுவி ஏணிபோல் கீழிறங்கிவிட்டால், முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. அடியிலுள்ள கண்ணியில் கொக்கியை நுழைத்து, மேலுள்ள குறுக்கிழைகளை ஒவ்வொன்றாக இழுத்தேற்றி, மறுபடி ஊசியில் மாட்டிவிடலாம்.