மிளகு மண்டியின் பழைய கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன் நான். 1993-ல் மண்டிக்கு ஒரு 486 கம்ப்யூட்டர் வந்தது. மூட்டை சுமக்கும் நம் ஊர்க்காரர்கள் வாரக்கூலியில் கொஞ்சத்தை முதலாளியிடமே சேமித்து வைப்பார்கள். அந்தக் கணக்குக்காக, மாலை வகுப்பில் படித்த டர்போ பாஸ்கலில் ஒரு புரோகிராம் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சென்ற ஆண்டு சுரண்டையிலிருந்து ஓர் அம்மாள் மகனோடு வந்தார். "அண்ணாச்சி, அவுக இங்ஙன மூடை சுமந்து சேத்த காசுக்கு ஏதும் கணக்கு இருக்கா? சாகும்போது சொல்லிட்டுப் போனாக" என்றார்.

பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டது. சி.டி.யில் பிரதி இருந்தது; ஆனால் அந்தக் கோப்பை என் புரோகிராம் மட்டுமே படிக்கும். புதுக் கம்ப்யூட்டரோ அதைத் திறக்கவே மறுத்தது.

இது முதல் தடவையல்ல. 1998-ல் பென்டியம் 2 வாங்கியபோதே 'பூஜ்யத்தால் வகுத்த பிழை, எண் 200' என்று புரோகிராம் படுத்துக்கொண்டது. நான் எங்கே பூஜ்யத்தால் வகுத்தேன்? விஷயம் இதுதான். டர்போ பாஸ்கலில் திரையைக் கையாளும் பகுதி, தொடங்கியதும் இயந்திரத்தின் வேகத்தை அளக்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்பில், அதாவது ஆயிரத்தில் 55 பங்கு விநாடியில், எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். விடை 65,535-க்குள் அடங்க வேண்டும். வேகமான சிப்பில் அடங்கவில்லை. ஏலக்காய்த் தராசில் மிளகு மூட்டையை ஏற்றிய கதை! அன்று பழைய 486-ஐயே வைத்துச் சமாளித்தோம். பிறகு அதுவும் போய்விட்டது.

இப்போதைய தடை வேறு. 1978-ல் வந்த 8086 சிப்புக்கான 16-பிட் டாஸ் புரோகிராம்களை 64-பிட் விண்டோஸ் ஓட்டுவதில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது.

வழி காட்டியவன் என் அக்காள் மகன். 2002-ல் வெளியான 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள், புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரையே நடித்துக் காட்டும். வேகத்தையும் நம் இஷ்டப்படி குறைக்கலாம். குறைத்தான். 200-ஆம் பிழை தலைகாட்டவில்லை. என் பழைய நீலத்திரை வந்தது. அவர் பெயருக்கு நேராக ரூ.11,460.

உடனே எல்லாப் பெயர்களையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதி எடுத்துக்கொண்டோம். நீங்களும் பழையதைத் திறக்க முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

முதலாளியின் மகன் தாளைப் பார்த்தார், மறுபேச்சின்றி வட்டியோடு கொடுத்தார். இன்னும் 23 பேர் கணக்கு தீராமல் இருக்கிறது. பெரும்பாலும் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்தவர்கள். 1990-களில் மட்டாஞ்சேரியில் மூட்டை சுமந்தவர்கள் உங்கள் உறவில் இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். பட்டியல் அங்கே இருக்கிறது.