உங்களுக்குத் தெரியுமா? வேளிமலை அடிவாரத்து மரவேலை

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரியோதயம் பார்ப்பார்கள், படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போவார்கள், சிப்பி மாலை வாங்குவார்கள், அன்று ராத்திரியே ரயிலேறிவிடுவார்கள். உளி பிடித்துப் பழகியவர்களும், பழைய கதவைக் கண்டால் கையால் தடவாமல் நகர முடியாதவர்களும் அப்படித் திரும்பிவிடக் கூடாது. நாகர்கோவிலில் இரண்டு நாளைக்கு அறை எடுங்கள். கடலை விட்டு மலைப் பக்கம் திரும்புங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இந்த மூலையில் மரம் அறிந்த ஆசாரிமார் செய்துவைத்தவை இன்னும் நிற்கின்றன.

*

பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில்; அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் ஆட்சி நடந்த இடம் இதுதான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்தில் ஏறித் தக்கலையில் இறங்கினால் அங்கிருந்து 2 கிலோமீட்டர். பின்னால் வேளிமலை எழுந்து நிற்கும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது.

*

உள்ளே போனதும் பூமுகம். பெரும்பாலானோர் டிக்கெட்டைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்கு விரைவார்கள். நீங்கள் அங்கேயே நின்று அண்ணாந்து பாருங்கள். மர மச்சு முழுக்கச் செதுக்கிய பூக்கள். மொத்தம் 90 என்றும், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்றும் அங்கே சொல்வார்கள். ஒரே ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து அதன் இதழ்களை எண்ணுங்கள். பிறகு பக்கத்துப் பூவுக்குப் போங்கள். கழுத்து வலிக்கும், ஆனால் ஒரு ஆசாரி தலைக்கு மேலே போகப்போகிற பலகைக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரியும். அதே இடத்தில் தொங்கும் குதிரைவீரன் விளக்கையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள்.

*

அரண்மனையில் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். கொட்டாரம் என்றால் இங்கே அரண்மனை. அதன் ஏகாந்த மண்டபத்தில், தென்மேற்கு மூலையில், ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று உண்டு. பூவேலை அத்தனையும் அந்த ஒற்றைத் தடியிலிருந்தே வந்தது, ஒட்டுவேலை இல்லை. பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும்; வருஷம் ஏற ஏறப் பழுப்பாகி, கடைசியில் கருஞ்சிவப்புக்குப் போகும். தூணின் நிறத்தைப் பார்த்தாலே அதன் வயதை உணரலாம். தஞ்சாவூர் வீணையும் இதே மரம்தான்.

*

மரவேலை தெரிந்தவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது கூரையில். சுற்றுலா வழிகாட்டிகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆகவே நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் சட்டங்களைக் கழுக்கோல் என்பார்கள். மற்ற ஊர்களில் கைமரம். ஒவ்வொரு கழுக்கோலிலும் ஒரே உயரத்தில் ஒரு துளை. அந்தத் துளைகளின் வழியாக நீளமான சட்டம் ஒன்று வரிசை முழுக்க ஊடுருவிப் போகும். அதற்கு வளை என்று பெயர். துளையில் ஆப்பு அடித்து இறுக்கிவிட்டால் கூரை முழுவதும் ஒரே கூடாகிவிடுகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் எல்லாக் கழுக்கோலும் சேர்ந்து தாங்கும். ஒன்று உளுத்துப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

நேராகப் போகும் பக்கங்களில் இது எளிது. மூலைக்கு வந்ததும் கழுக்கோல்கள் விசிறி மடிப்புப் போல விரியும். அங்கே ஒவ்வொன்றின் சாய்வும் வேறு, ஆகவே ஒவ்வொரு துளையின் கோணமும் வேறு. அத்தனையையும் தரையில் வைத்தே கணக்குப் போட்டு, துளை போட்டு, பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றியபின் வளை தடையில்லாமல் நுழைய வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் நுழையாது. கம்ப்யூட்டரில் வரைந்து பழகிய இளம் ஆசாரிகள் இந்த மூலைக்குக் கீழே நின்று கால்மணி நேரம் பார்த்தால் ஒரு பாடம் படித்த மாதிரி.

*

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. செங்குத்தான ஓட்டுக்கூரையும் தாழ இறங்கிய இறவாரமும் அதனால் வந்தவை. பயணப் புத்தகங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரச் சொல்லும். ஒரு மழைநாளில் வாருங்கள் என்பேன் நான். சுவரில் ஒரு சொட்டு படாமல் தண்ணீர் முற்றத்தில் விழுவதை நேரில் பார்க்கலாம்.

*

அரண்மனையின் கறுப்புத் தரை முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றோடு செடிச்சாறுகளும் சேர்ந்த கலவை அது என்று சொல்வார்கள். சிமெண்டு இந்தப் பக்கம் வருவதற்கு முந்தைய வேலை.

*

நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தது. அதில் 64 வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லும் கட்டில் ஒன்று இருக்கிறது. மந்திரசாலையின் சாளரங்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி குறையாது.

*

மரம் கவனிப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இதே வட்டாரத்தில் பார்க்கலாம். வேணாட்டு அரசர்கள் இருந்த இரணியல் அரண்மனை, நெடுங்காலம் பராமரிப்பின்றிக் கிடந்து கூரை சரிந்தது. பிறகுதான் சீரமைப்பு தொடங்கியது. பத்மநாபபுரத்தைப் பார்த்த கையோடு இரணியலையும் பாருங்கள். ஓடு மாற்றாத ஒரு மழைக்காலமே மரத்தின் ஆயுளைத் தின்னப் போதும்.

*

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவுக்கும் நிலைக்கும் அதிகம் போட்ட மரம் ஆயினி. காட்டுப்பலா இனம். வள்ளம் கட்டவும் இதுதான். இதன் பழத்தை ஆயினிச்சக்கை என்போம். கைக்குள் அடங்கும், முள் மென்மையாக இருக்கும், உள்ளே ஆரஞ்சு நிறச் சுளை. கொட்டையை வறுத்துத் தின்னலாம். கோடையில் வந்தால் சந்தையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

*

நாஞ்சில் நாட்டு நெல்விவசாயி வீட்டில் பத்தாயம் இருந்தது. நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மரப்பெட்டி. பலகைகளை அறைக்குள் கொண்டுபோய் அங்கேயே பொருத்துவார்கள். மேல்மூடி அகலமாக இருப்பதால் அதன்மேல் பாய் விரித்துப் படுப்பதும் உண்டு. வயல் போனது, வீடு கான்கிரீட் ஆனது, பத்தாயங்கள் பழைய மரம் வாங்குகிற கடைகளுக்குப் போய்விட்டன. ஊரில் யார் வீட்டிலாவது ஒன்று மிஞ்சியிருந்தால், தயவுசெய்து அதை அறுத்து மேசையாக்கிவிடாதீர்கள்.

*

பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். பால் வற்றி, ஏறக்குறைய 25 முதல் 30 வருஷத்தில் வெட்டப்படும் ரப்பர் மரம் முன்பு விறகாக எரிந்தது. மாவுச்சத்து நிறைந்த மரமாதலால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். போரான் மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபின் இதில் கட்டிலும் மேசையும் செய்கிறார்கள். காட்டுத் தேக்கை வெட்டாமல் கிடைக்கிற மரம் என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம்.

*

மலை அடிவாரம் மரத்தோடு நிற்பதில்லை. நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் அடித்து, தங்கத்தகடு வேய்ந்து, சிவப்புக் கெம்புக்கல் பதிக்கும் கோவில் நகை. பரதநாட்டிய மேடைகளில் பார்ப்பது அதைத்தான். மயிலாடியில் கல் சிற்பம். ஊருக்குள் நுழையுமுன் உளிச்சத்தம் கேட்கும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. தோவாளையில் அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மாணிக்கக்கல் பதித்ததுபோல் கட்டும் மாணிக்க மாலை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் சயனித்திருக்கும் திருமேனி கல்லும் அல்ல, மரமும் அல்ல. சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையில் செய்தது.

*

1820களில் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை போன்ற திண்டின்மேல் நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. கடைந்த அந்தக் குச்சிகளும் மரவேலைதானே!

*

உலகம் முழுக்க இரட்டை உடல் படகுக்கு வழங்கும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. கட்டிய மரம், கட்டுமரம். எடை குறைந்த தடிகளைக் கயிற்றால் பிணைத்தது. குளச்சல், முட்டம் கரைகளில் இன்று ஃபைபர் படகுகளே அதிகம். பழைய கட்டுமரம் ஒன்றைக் கண்டால் முடிச்சைக் கவனியுங்கள்.

*

நாள் பிரிப்பது எளிது. முதல் நாள் காலை முதலே அரண்மனை, கூட்டம் சேருமுன். மாலையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அங்கே மரங்களுக்கு நடுவே இருக்கிறது. இரண்டாம் நாள் திருவட்டாறும் பேச்சிப்பாறையும், அல்லது வடசேரியும் மயிலாடியும். நான்கையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். பட்டறைகளில் வேலை நடக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள், கேட்டால் சொல்லித்தருவார்கள். பொருள் பிடித்தால் செய்தவர் கையிலேயே வாங்குங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள்.

கிளம்பும் தேதியைக் குறிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.