மோட்டார் வண்டிக்கு மாற்று இயந்திரம்



மோட்டார் வண்டி கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் இயந்திரத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஓர் உறுப்பு கெட்டுவிட்டது என்றே நாம் பொருள் கொள்ளலாம். பெட்ரோல் வரும் குழாய் அடைத்துக்கொள்ளும், பாட்டரி வலுவிழக்கும், பிளக்கில் கரி படியும். இவையெல்லாம் ஜலதோஷம், தலைவலி போன்றவை. இயந்திரமே மாண்டுபோவது வேறு. அப்பொழுது அதனை அப்படியே தூக்கி எடுத்துவிட்டு, வேறோர் இயந்திரத்தை அவ்விடத்தில் வைக்க வேண்டியதுதான். இப்பணி பெரிய தொழிற்கூடங்களில்தான் நடைபெற வேண்டும் என்ற நியதி இல்லை. வீட்டுக் கொட்டகையிலும் செய்யலாம், நாங்கள் செய்தோம். அது எங்ஙனம் என்பதை இன்று உங்களுக்கு விளக்குகிறேன்.

எங்கள் வண்டி அம்பாசிடர். மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவிலுள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அந்த வண்டியை, உங்களுள் பலர் திரைப்படங்களில் மட்டுமே கண்டிருக்கக்கூடும். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஒட்டி அமைந்தது அது. அதன் பானெட்டைத் திறந்தால் இயந்திரத்தின் இருபுறமும் கையை மட்டுமன்று, தோளையும் நுழைத்து வேலை செய்யலாம். வீட்டில் பழுது பார்ப்போருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

1994ஆம் ஆண்டின் இறுதி. திருச்சியில் வாடகைக் கார் ஓட்டிவந்த என் தமக்கை மகன், சமயபுரத்திலிருந்து திரும்பும் வழியில் இயந்திரத்துக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போன்ற ஓசையைக் கேட்டான். ஓரமாக நிறுத்துவதற்குள் பெரியதோர் ஒலியுடன் இயந்திரம் நின்றது. கீழே எண்ணெய் குளமாகப் பரவியது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து பார்த்தால், இரும்பு வார்ப்பாகிய பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்திற்கு ஓர் ஓட்டை!

அந்த ஓட்டை எவ்வாறு ஏற்பட்டது? இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு பிஸ்டன் 88.9 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற வேகத்தில் இயந்திரம் சுழலும்பொழுது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு விநாடியில் 100 முறை நின்று திரும்புகிறது. சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் ஓடுவதை நிறுத்தி, எதிர்த்திசையில் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்வது கனெக்டிங் ராடு என்னும் தண்டு. அதன் கீழ்முனை கிராங்க் தண்டைத் தழுவி நிற்கிறது. தழுவும் இடத்தில் மெல்லிய பேரிங் ஓடுகள் இரண்டு உண்டு. ஓடும்பொழுது இந்த ஓடுகள் கிராங்க்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே, தலைமயிரின் தடிப்பினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று, அத்தனை விசையையும் தாங்குகிறது. எண்ணெயின் மீதுதான் இயந்திரம் மிதக்கிறது என்று சொன்னால் அது மிகையன்று.

எங்கள் வண்டியில் எண்ணெய்த் தொட்டியின் அடியில் பல்லாண்டுக் கசடு களிமண்போல் இறுகி, பம்பின் சல்லடையை அடைத்திருந்தது. எண்ணெய் வரத்துக் குறைந்தது, படலம் அறுந்தது, உலோகம் உலோகத்தோடு உரசியது. பேரிங் ஓடு உருகித் தேய்ந்ததும் தண்டின் முனையில் இடைவெளி பெருகிற்று. சுத்தியடி ஓசை அதுதான். இறுதியில் தண்டு முறிந்து, சுழலும் கிராங்க்கால் வீசப்பட்டு, பிளாக்கைத் துளைத்து வெளிவந்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிந்து எச்சரிக்கச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அந்த விளக்கின் பல்பு எப்பொழுதோ சுட்டுப் போயிருந்தது! சாவியைத் திருப்பியவுடன், இயந்திரம் ஓடத் தொடங்குமுன், அந்த விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பையும் கம்பியையும் பார்க்க வேண்டும். இன்றைய கார்களுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டில் கார் இருந்தால் நாளைக் காலையில் கவனியுங்கள்.

பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால், கிராங்க்கைக் கடைந்து சிறிது மெலியச் செய்து, அதற்கேற்ப தடித்த ஓடுகளைப் போட்டுவிடலாம். பிளாக்கிலேயே ஓட்டை விழுந்த பின்னர் அந்த வழி அடைபட்டது. வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது அரிய வேலை, ஒட்டினாலும் நம்புவதற்கில்லை. மாற்று இயந்திரம்தான் வேண்டும். ஒரு தொழிற்கூடத்தில் கேட்ட தொகையைச் சொன்ன என் மருமகன், “அவ்வளவு பணம் இருந்தால் நான் ஏன் மாமா வாடகைக் கார் ஓட்டப்போகிறேன்?” என்றான். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை நின்றுகொண்டிருந்தது. திருவரங்கத்தில் ஏகாதசிக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாத்திரிகர் வரும் அந்த நாள்களை இழந்தால், ஆண்டு முழுவதற்கும் ஈடு செய்ய இயலாது.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புகளை விற்கும் கடைகள் நிறைய உண்டு. அங்கே சென்று ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தோம். புறத்தே பூசிய புது வண்ணத்தைப் பார்த்து மயங்கலாகாது. எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். அதில் உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கையால் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் பொழுது முறையாக எதிர்ப்புத் தர வேண்டும். ஒன்று மட்டும் எளிதாகச் சுற்றினால் அங்கே வால்வோ பிஸ்டன் வளையமோ கெட்டிருக்கும். ரசீது இல்லாமல் எந்த இயந்திரத்தையும் வாங்கலாகாது. பிளாக்கில் பொறித்துள்ள எண் வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் இருக்கிறது. இயந்திரத்தை மாற்றுவதானால் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். திருட்டு வண்டியின் இயந்திரத்தை அறியாமல் வாங்கியவர் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

இனி வேலைக்கு வருவோம். பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் வசித்தார். அவர் வந்து மேற்பார்வை செய்ய இசைந்த பின்னரே நாங்கள் ஸ்பேனரைத் தொட்டோம். நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தூக்கும் வேலையில் அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும். மாணவர்களாகிய நீங்கள் தனியே இதில் இறங்கக்கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாட்டரியைக் கழற்றினோம். அதிலும் ஒரு முறை உண்டு. வண்டியின் உடலோடு இணைந்த கம்பியை முதலில் எடுக்க வேண்டும். மற்றதை முதலில் எடுக்கும்பொழுது ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டுவிட்டால், மின்சுற்று முழுமையாகித் தீப்பொறி பறக்கும். பெட்ரோல் குழாயை அடைத்தோம்; ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொண்டோம். தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் என ஒவ்வொன்றாக எடுத்தோம். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மருமகனின் மகள், ஒவ்வொரு கம்பியிலும் அட்டைத் துண்டைக் கட்டி, அது எங்கிருந்து வந்தது என்று எழுதினாள். கழற்றிய போல்ட்டை அதன் துளையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வைத்தாள். எங்கள் மூவரின் வேலையிலும் அவள் வேலையே மேலானது என்று நான் கருதுகிறேன். பிரிப்பது ஒரு நாள் வேலை. எது எங்கே என்று தேடத் தொடங்கினால் பூட்டுவது ஒரு மாத வேலையாகிவிடும்.

தூக்குவதற்குக் கொட்டகை உத்திரத்தை நம்ப அந்த முதியவர் மறுத்துவிட்டார். தென்னங்கழி, ஓலையைத் தாங்குமே அன்றி இரும்பைத் தாங்காது. பன்னிரண்டடி இரும்புக் குழாய்கள் மூன்றை உச்சியில் பிணைத்து முக்காலி அமைத்தோம். அதன் கால்களை ஒரு சங்கிலியால் சுற்றிக் கட்டினார் அவர். ஏன் என்று எண்ணிப் பாருங்கள். 150 கிலோ பாரம் தொங்குவதாகக் கொள்வோம். கால்கள் நேர்குத்துக் கோட்டிலிருந்து 20 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 18 கிலோ விசையுடன் வெளியே வழுக்க முற்படும். 45 பாகை சாய்ந்தால் அதுவே 50 கிலோ ஆகிவிடும். தரை வழுவழுப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்சியில் செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பி. இதன் பழைய வகையில் ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள் பிணைந்திருக்கும்; ஒன்றில் 10 பள்ளம், மற்றதில் 9 பள்ளம் என்று வையுங்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் பெரிய சக்கரம் 10 கண்ணிகளை மேலே வாங்குகிறது. சிறியது 9 கண்ணிகளைக் கீழே விடுகிறது. ஆகவே பாரத்தைத் தாங்கும் வளையம் ஒரே ஒரு கண்ணி குறைகிறது. பாரம் அரைக் கண்ணி உயர்கிறது. இழுத்தது 10 கண்ணி, உயர்ந்தது அரைக் கண்ணி. அதாவது இருபது மடங்கு ஆதாயம். 150 கிலோவை ஏழரைக் கிலோ விசையால் தூக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் உராய்வு பாதிக்கு மேல் தின்றுவிடும். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த உராய்வே நமக்குக் காவல். சங்கிலியை விட்டுவிட்டாலும் பாரம் இறங்காமல் நிற்பது அதனால்தான். இன்று கடைகளில் கிடைப்பவை பற்சக்கரமும் தடையும் கொண்டவை. அவற்றில் இழுக்கும் சிரமம் குறைவு.

கியர்ப் பெட்டியை வண்டியிலேயே விட்டு, அதன் அடியில் மரக்கட்டையும் ஜாக்கியும் கொடுத்து, இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, இயந்திரத்தை முன்னே இழுத்துத் தூக்கினோம். அது தரையைவிட்டு எழும்பியதும் மருமகன் எதையோ எடுக்கக் குனிந்தான். “தம்பி, தொங்குகிற பாரத்துக்குக் கீழே காலைக்கூட நீட்டாதே!” என்ற அதட்டல் தெருமுனை வரை கேட்டது. முக்காலி அசையாமல் நிற்க, வண்டியையே பின்னுக்குத் தள்ளினோம். பழைய இயந்திரம் தரையில் இறங்கிற்று.

புதியதை வைப்பதற்கு முன் கிளட்ச். இந்த ஓரிடத்தில்தான் வீட்டில் செய்வோர் பலர் இடர்ப்படுகின்றனர். கியர்ப் பெட்டியிலிருந்து பல் வெட்டிய தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கிளட்ச் தட்டின் நடுத் துளையைக் கடந்து, கிராங்க்கின் முனையிலுள்ள சிறு புஷ்ஷில் போய் அமர வேண்டும். தட்டு நடுவிலிருந்து சிறிது விலகியிருந்தாலும் தண்டு நுழையாது. ஆகவே அந்தத் தண்டின் அளவுக்கு ஒரு மரக்கட்டையைக் கடைந்து, அதைத் துளையில் செருகி, தட்டை நடுவே நிறுத்திக் கொண்டு மூடியை முடுக்கினோம். பிறகு இயந்திரத்தை இறக்கி, கியர்ப் பெட்டிக்கு நேர்க்கோட்டில் நிறுத்தி, ஒரு கியரில் போட்டுவிட்டு, கைப்பிடியால் கிராங்க்கைச் சிறிது சிறிதாகத் திருப்பினோம். பற்கள் பொருந்தியதும் இயந்திரம் தானே உள்ளே சென்று அமர்ந்தது. அமரும் வரையில் அதன் பாரம் சங்கிலியில்தான் இருக்க வேண்டும். அந்த மெல்லிய தண்டின் மீது தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். பொருந்தாத இயந்திரத்தைப் போல்ட்டை முடுக்கி இழுத்துப் பொருத்துவோரும் உண்டு. அவர்கள் வார்ப்பில் விரிசலைத்தான் காண்பார்கள்.

மற்ற உறுப்புகளைப் பூட்டியது பற்றி விரிப்பதற்கில்லை. அட்டைத் துண்டுகள் வழிகாட்டின. பிளக் கம்பிகளை 1, 3, 4, 2 என்ற வரிசையில் இணைக்க வேண்டும். சிலிண்டர்கள் வெடிக்கும் முறை அதுவே. புதிய எண்ணெய் ஊற்றிய பின்னர், பிளக்குகளைப் பூட்டாமலே ஸ்டார்ட்டர் மோட்டாரால் இயந்திரத்தைச் சுற்றினோம். அமுக்கம் இல்லாததால் பேரிங்குகளுக்குப் பாரம் குறைவு. அதற்குள் பம்பு எண்ணெயை எல்லா வழிகளிலும் நிரப்பிவிடும். புதிதாகப் போட்ட பல்பு சிவப்பாக எரிந்து, சில விநாடிகளில் அணைந்தது. அதன் பிறகே பிளக்குகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். இரண்டாம் முயற்சியில் புகைந்து, இருமி, ஓடத் தொடங்கிற்று. ஐந்து நாள் வேலை. ஏகாதசிக்கு வண்டி ஓடியது; தவணையும் தப்பியது.

இன்றைய கார்களில் இதே வேலை எளிதன்று. பலவற்றில் இயந்திரம் குறுக்காக அமைந்து, கியர்ப் பெட்டியோடு ஒன்றாகக் கீழ்வழியே இறங்குகிறது. மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, பல உணரிகள், திருட்டைத் தடுக்கும் பூட்டு எல்லாம் புதிய இயந்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். எனினும் எண்ணெய்ப் படலமும், கிளட்ச்சின் நடுத் துளையும், சங்கிலிக் கப்பியின் கணக்கும் மாறவில்லை.

பழைய இயந்திரத்தை இரும்பு விலைக்குக் கேட்டார்கள். நான் பணியாற்றிய பாலிடெக்னிக்கிற்கு அதைக் கொண்டுசென்று, மாணவர்கள் குறுக்கே அறுத்து, ஒரு பலகைமீது நிறுத்தி வைத்தார்கள். கசடு அடைத்த சல்லடையும் முறிந்த தண்டும் பிளாக்கின் ஓட்டையும் ஒருங்கே தெரியுமாறு, தண்டு வெளிவந்த வழியைச் சிவப்பு வண்ணத்தால் குறித்தார்கள்.