பின்மூடியைத் திறந்தால் ஆறு சுவிட்சுகள்!

ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நகத்தை நுழைத்து நெம்பினால் போதும், லினக்ஸில் ஓடும் பைன்போனின் பின்மூடி கையோடு வந்துவிடும். பேட்டரியும் அப்படியே கழன்று வரும். உள்ளே வரிசையாக ஆறு குட்டிச் சுவிட்சுகள்: மோடம், வைஃபையும் புளூடூத்தும், மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்போன். மைக்கை இங்கே அணைத்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைத் திரும்ப இயக்க முடியாது. ஆனால் என் செல்லம் அந்த ஆறாவது சுவிட்சுதான். அதைத் தள்ளினால் ஹெட்போன் துளை சீரியல் போர்ட்டாக மாறிவிடும்! பாட்டுக் கேட்கிற துளையில் கேபிளைச் செருகி, போன் பூட் ஆகும்போது கெர்னல் சொல்லும் ஒவ்வொரு வரியையும் லேப்டாப் திரையில் படிக்கலாம். 149 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஒரு போனில் இந்த வசதி!

லினக்ஸ் போனுக்குச் செயலி எழுத ஆசைப்படும் எவருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இந்தத் திறந்த முதுகைத்தான். இங்கே பூட்டிய அறைகள் மிகக் குறைவு. அதனால்தான் தொடங்குவதும் நினைப்பதைவிட எளிது. வாருங்கள், உள்ளே போகலாம்.

தூங்கும் போனில் விழித்திருப்பது யார்?

2020-ன் தொடக்கத்தில் முதல் தொகுதி வெளியான பைன்போனின் பிரதான பிராசசர் ஆல்வின்னர் ஏ64. நாம் பயன்படுத்தும் லினக்ஸ் ஓடுவது அதில். ஆனால் இந்த போனில் ஓடும் லினக்ஸ் அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்! குவெக்டெல் நிறுவனத்தின் மோடத்துக்குள் தனியாக இன்னொரு பிராசசர் உண்டு. அதிலும் ஒரு லினக்ஸ் ஓடுகிறது. ஆர்வலர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை, மோடத்துக்கென்றே மாற்று மென்பொருள் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். ஏ64 சில்லுக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கும் குட்டிப் பிராசசர். பேட்டரியை மிச்சப்படுத்த போன் தூங்கும்போது பெரிய பிராசசர் அடங்கிவிடும். அப்போது கிரஸ்ட் என்ற சின்னஞ்சிறு நிரல் அந்தக் குட்டியில் காவல் இருக்கும். அழைப்பு வந்ததும் மோடம் சைகை கொடுக்க, பெரியவர் எழுந்துகொள்வார்.

பிறகு நடப்பது ஒரு அழகான தொடர் ஓட்டம். மோடம்மேனேஜர் என்ற சேவை அழைப்பைக் கவனித்து, டி-பஸ் என்ற செய்திப் பாதையில் அறிவிக்கும். கால்ஸ் செயலி அதைக் கேட்டு எண்ணைத் திரையில் காட்டும். ஃபீட்பேக்டி மணியடித்து அதிர வைக்கும். டி-பஸ்ஸும் மோடம்மேனேஜரும் உபுண்டு போட்ட லேப்டாப்பிலும் இருப்பவைதான்! டி-ஸ்பை என்ற சின்னக் கருவியைத் திறந்தால், எந்தச் சேவை என்னென்ன வேலைகளுக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நீங்கள் எழுதும் செயலியும் அந்தக் கதவுகளைத் தட்டலாம்.

போன் இல்லாமலே முதல் செயலி

பலரும் நம்பத் தயங்கும் செய்தி இது: தொடங்குவதற்கு போனே வேண்டாம். லினக்ஸ் லேப்டாப்பில் க்னோம் பில்டர் என்ற நிரல் எழுதும் கருவியை நிறுவுங்கள். புதிய திட்டம் தொடங்கி, மொழியாகப் பைத்தானைத் தேர்ந்தெடுங்கள். தேவையான அடித்தளத்தை பிளாட்பேக் என்ற தொகுப்பு முறை வழியாக அதுவே இறக்கிக்கொள்ளும். ஓட்டு பொத்தானை அழுத்தினால் உங்கள் முதல் விண்டோ எதிரே நிற்கும்.

இப்போது அந்த விண்டோவின் ஓரத்தைப் பிடித்து மெல்லச் சுருக்குங்கள். பைன்போனின் திரை 720-க்கு 1440 பிக்சல். எழுத்தும் பொத்தானும் விரலுக்கு எட்டும் அளவில் இருக்க அதை இருமடங்கு பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஆகவே செயலிக்குக் கிடைக்கும் அகலம் 360. அந்த அகலத்தில் உங்கள் விண்டோ ஒழுங்காக நின்றால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது!

அப்படி நிற்க வைக்கும் மந்திரக்கோல் லிப்அட்வைட்டா என்ற நூலகம். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம் என்று இரண்டு பத்திகளாக ஒரு செயலி இருக்கிறதா? இந்த அகலத்துக்குக் கீழே போனால் மடங்கிக்கொள் என்று பிரேக்பாயின்ட் ஒன்றைக் குறித்துவிட்டால் போதும். இரண்டு பத்தியும் ஒன்றாகி, மேலே பின்செல்லும் பொத்தான் தானாக முளைக்கும். 2023-ல் வந்த 1.4 பதிப்பில் இந்த வசதி சேர்ந்தது. முதன்முறை சுருக்கி விரித்துப் பார்ப்பவர்கள் கையை எடுப்பதே இல்லை! கேடிஇ பக்கம் சாய்ந்தவர்களுக்கு இதே வேலையைக் கிரிகாமி செய்துதரும்.

தமிழில் இடைமுகம் எழுதுபவர்கள் இந்த 360 அகலத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எழுத்து வடிவைப் பற்றிக் கவலையில்லை. ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் நிறுத்திவிடும். நீளம்தான் விஷயம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் பத்து எழுத்துக்கு ஓடலாம். வரி உடைய அனுமதியுங்கள், பொத்தான்களை அருகருகே நெருக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். தமிழ்ச் சொல்லையே முதலில் போட்டுச் சோதித்தால் மற்ற பல மொழிகளும் தாமாகப் பொருந்திவிடும்.

கைக்கு வரும் நேரம்

செயலி தயாரா? டெஸ்க்டாப் கோப்பில், இது மொபைலுக்கும் ஏற்றது என்று ஒரு வரி சேருங்கள். ஃபோஷ் என்ற போன் இடைமுகம் அதைப் பார்த்துத்தான் உங்கள் செயலியைப் பட்டியலில் காட்டலாமா என்று முடிவெடுக்கிறது. பைத்தான் என்பதால் ஆர்ம் பிராசசருக்கென்று தனியே கம்பைல் செய்யும் வேலையில்லை. சி-யிலோ ரஸ்டிலோ எழுதினாலும் கவலை வேண்டாம். பிளாட்ஹப் என்ற செயலிக் கிடங்கில் சேர்த்தால் கணினிக்கும் ஆர்முக்கும் அதுவே கட்டித் தரும்.

போனுக்கு எங்கே போவது? பழைய போனே போதும். 2017-ல் ஆலிவர் ஸ்மித் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் கனவே ஒரு போனைப் பத்து ஆண்டுகள் உழைக்க வைப்பதுதான். இந்தியாவில் 2018-ல் சக்கைப்போடு போட்ட போகோ எஃப்1, அதே ஆண்டின் ஒன்பிளஸ் 6 ஆகியவற்றில் அது ஓடுகிறது. எல்லா போனிலும் எல்லா வசதியும் வேலை செய்யாது. கேமரா, அழைப்பு ஒலி போன்றவற்றின் நிலையை அவர்களின் பட்டியலில் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் படங்களைப் பத்திரப்படுத்திய பிறகு நிறுவும் வேலையில் இறங்குங்கள். பைன்போன் என்றால் இன்னும் நிம்மதி: மைக்ரோ எஸ்டி கார்டு செருகியிருந்தால் அதிலிருந்துதான் முதலில் பூட் ஆகும். ஒரு கார்டில் ஒரு டிஸ்ட்ரோ, அடுத்த கார்டில் இன்னொன்று!

யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன் உங்கள் லேப்டாப்புக்கு ஒரு பக்கத்து வீட்டுக் கணினி ஆகிவிடும். முகவரி 172.16.42.1. எஸ்எஸ்ஹெச் இயங்கினால் லேப்டாப்பிலிருந்தே உள்ளே நுழையலாம், செயலியை நகர்த்தலாம், அது ஓடும்போது உதிர்க்கும் பிழைச்செய்திகளைப் பெரிய திரையில் உடனுக்குடன் படிக்கலாம். போனைச் சாய்த்தால் சாய்மானி சொல்லும் எண்கள் டெர்மினலில் ஓடுவதைப் பார்ப்பது தனிக் குதூகலம்!

போனுக்காக எழுதியது எங்கே போனது?

கையடக்க லினக்ஸின் இந்தப் பாதை நேற்று போட்டதல்ல. 2005-ல் நோக்கியா 770, 2009-ல் டெர்மினலோடு பெட்டியிலிருந்து வந்த என்900, 2011-ல் என்9. நோக்கியா வேறு வழியில் திரும்பியதும் அங்கிருந்து வெளியேறியவர்கள் யோலா நிறுவனத்தைத் தொடங்கி செயில்ஃபிஷ் என்ற இயங்குதளத்தைக் கொண்டுவந்தார்கள். 2017-ல் கனோனிக்கல் நிறுவனம் கைவிட்ட உபுண்டு டச் என்ற போன் இயங்குதளத்தை யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் ஏந்திக்கொண்டார்கள். நிறுவனம் நின்றாலும் நிரல் நிற்கவில்லை, ஏனென்றால் அது எல்லோர் கையிலும் இருந்தது.

இவற்றில் என்னைத் துள்ள வைப்பது லிப்ஹேண்டியின் பயணம். பியூரிசம் நிறுவனம் தன் லிப்ரம் 5 போனின் சின்னத் திரைக்காக உருவாக்கிய நூலகம் அது. அந்த வேலை வளர்ந்து லிப்அட்வைட்டாவானது. இன்று மேசைக் கணினியில் க்னோம் அமைப்புகள் விண்டோவைச் சுருக்கினால் அழகாக மடங்குகிறதே, அந்தக் குணம் அந்த போனுக்காகப் பிறந்தது! ஒரு சிறு கூட்டம் தங்கள் போனுக்காகத் தீர்த்த சிக்கலின் பலன் க்னோம் பயன்படுத்தும் ஒவ்வொருவர் திரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே சின்னதாகத் தொடங்குங்கள். பால் கணக்கு, பேருந்து நேரம், பாட்டியின் மருந்து வேளை, எதுவானாலும் சரி. வழியில் லிப்அட்வைட்டாவிலோ மோடம்மேனேஜரிலோ ஒரு பிழை தட்டுப்பட்டால் அதன் நிரலையும் திறந்து பாருங்கள், திருத்தி அனுப்புங்கள். செயலி எழுத வந்தவர் அடித்தளத்தையும் செப்பனிட்டுப் போக முடிகிற போன் இது.