ஒரு முறை பெயர்த்தால் போதும்

வேற்று மொழிச் செய்முறைக் குறிப்பு ஒன்றைத் தமிழில் பெயர்த்து வாங்குகிறீர்கள். மறுநாளும் அதே குறிப்புக்காக மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போவீர்களா? பெயர்த்த தாளைப் பத்திரப்படுத்தியிருப்பீர்கள் அல்லவா? கணிப்பொறிக்கும் இந்தச் சிக்கனம் தேவை.

பொருள்நோக்கு மொழியான சி ஷார்ப்பில், 2007-இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் 'லாம்டா கோவை' உண்டு. இது பெயரில்லாத சிறு சார்பு. 'மதிப்பெண் ≥ எல்லை' என்று எழுதினால், மதிப்பெண் எல்லையை எட்டியதா என்று சொல்லும். இக்கோவையை மரம் போன்ற அமைப்பாக நினைவகத்தில் வைத்து, நிரல் ஓடும்போதே இயங்கும் ஆணைகளாகப் பெயர்க்கலாம். பெயர்க்க ஆகும் நேரமோ, பெயர்த்த சார்பை ஒரு முறை இயக்கும் நேரத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு! எனவே பெயர்த்ததை ஓர் அகராதியில் சேமித்து வைக்கிறார்கள்.

அந்த அகராதியில் எதைக் கொண்டு தேடுவது? மரத்தைக் கொண்டா? தனித்தனியே உருவான இரு மரங்கள், ஒன்றுபோல் இருந்தாலும், கணிப்பொறிக்கு வெவ்வேறு பொருள்களே. தேடியது கிடைக்காது, அகராதிதான் வீங்கும். எழுத்து வடிவைக் கொண்டு தேடினால் வேறோர் ஆபத்து. தேர்ச்சிக்கான கோவையில் எல்லை 35. முதல் வகுப்புக்கானதில் 60. எழுத்தில் 'எல்லை' என்ற பெயர் மட்டுமே தெரிவதால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். 35-ஐப் பிடித்திருக்கும் பழைய சார்பு வந்துவிட்டால், தேறியவர் அனைவரும் முதல் வகுப்புப் பட்டியலில் ஏறிவிடுவர்!

வழி என்ன? மாறும் எல்லையைக் கோவைக்குள் புதைக்காமல், மதிப்பெண்ணைப்போல் உள்ளீடாகத் தருவதே. அப்போது ஒரே பெயர்ப்பு எல்லா எல்லைகளுக்கும் உதவும். சேமிக்குமுன், மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்தறிய வேண்டும்.